யார்க்டவுனில் வாசித்த மெட்டு எது? பழைய அமெரிக்கப் பாட்டு, ஆட்டம் பற்றித் தெரிந்தவர்கள் உதவவும்

#1 நிலாமுற்றம்

வணக்கம். நாங்கள் வர்ஜீனியாவில் ரிச்மண்ட் பக்கம் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் அமெரிக்கப் புரட்சிப் போரின் யார்க்டவுன் சரணாகதியை நாடகமாகப் போடுகிறார்கள். 1781 அக்டோபர் 19 அன்று பிரிட்டிஷ் படை ஆயுதங்களைக் கீழே போட நடந்து வந்தபோது, அவர்களுடைய வாத்தியக்காரர்கள் 'உலகம் தலைகீழானது' என்ற மெட்டை வாசித்தார்களாம். மகள் நான்கு வருடமாக வயலின் கற்கிறாள், அதனால் அந்த மெட்டு அவள் தலையில் விழுந்தது.

சரி, நோட்டேஷன் எடுத்துக் கொடுக்கலாம் என்று தேடினால் ஒரே பெயரில் வேறு வேறு மெட்டுகள் வருகின்றன. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எதைக் கொடுப்பது? இரண்டு வாரம்தான் இருக்கிறது.

#2 குட்டிப்பிசாசு

ஏதாவது ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். பார்க்க வருகிற பெற்றோரில் யாருக்குத் தெரியப்போகிறது?

#3 ஒத்தைத்தந்தி

பிசாசு சும்மா இருப்பா.

அக்கா, உங்கள் கண்ணில் பட்டவற்றில் இரண்டு மெட்டுகள் முக்கியமானவையாக இருக்கும். ஒன்று 1640-களின் இங்கிலாந்திலிருந்து வருவது. கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தைப் பியூரிட்டன்கள் என்ற கறாரான கிறிஸ்தவப் பிரிவினர் ஒடுக்கிய காலத்தில், உலகமே தலைகீழாகிவிட்டது என்று புலம்பி ஒரு துண்டுத்தாள் பாட்டு வந்தது. அதை 'அரசர் மீண்டும் தன் உடைமையை அனுபவிக்கும்போது' என்ற மெட்டில் பாடச் சொல்லியிருப்பார்கள். மற்றது 1760-களின் பாட்டு. கிழத்தாய்க்கும் மகளுக்கும் சண்டை, அதாவது பிரிட்டனுக்கும் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் சண்டை. அது 'டெர்ரி டவுன்' மெட்டு. இரண்டையும் பிடிலில் வாசித்திருக்கிறேன். முதலாவதில் நடைபோடலாம். இரண்டாவது மது விடுதியில் மேசையைத் தட்டிப் பாடத்தான் லாயக்கு. என் ஓட்டு முதலாவதற்கு.

#4 ஏட்டுச்சுரைக்காய்

ஒத்தைத்தந்தி சொன்னது சரி. ஆனால் கேள்வியை ஒரு படி பின்னால் நகர்த்த வேண்டும். அன்றைக்கு அந்த மெட்டை வாசித்தார்கள் என்று முதலில் சொன்னது யார்?

எனக்குத் தெரிந்து அச்சில் முதலில் சொன்னவர் அலெக்ஸாண்டர் கார்டன். புரட்சிப் போர்க் கதைத் துணுக்குகளைத் தொகுத்துப் போட்டவர். புத்தகம் வந்த வருடம் 1828, சரணாகதி நடந்து 47 வருடம் கழித்து. இடைப்பட்ட காலத்தில் அந்தக் காட்சியைப் பற்றி எத்தனையோ பேர் எழுதினார்கள், மெட்டின் பெயர் யாருடைய கண்ணிலும் காதிலும் படவில்லை.

அன்று நேரில் நின்றவர்களைக் கேட்போம். ஜேம்ஸ் தாட்சர் என்ற ராணுவ மருத்துவர் நாட்குறிப்பு வைத்திருந்தார். தோளில் துப்பாக்கி, சுருட்டி உறையிட்ட கொடி, மெதுவான நடை, டிரம்களில் ஒரு பிரிட்டிஷ் 'மார்ச்', அதாவது படை நடைக்கான தாளம். அவ்வளவுதான் எழுதுகிறார். எபனேசர் டென்னி என்ற இளம் அதிகாரியின் குறிப்பு இன்னும் சுவையானது. எப்படி அடித்தால் என்ன என்பதுபோல் டிரம் அடித்தார்கள் என்கிறார். பிரிட்டிஷ் சிப்பாய்களில் பலர் அன்று போதையில் இருந்ததையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

அப்புறம் சரணாகதி உடன்படிக்கையே கையில் இருக்கிறது. அதன் மூன்றாவது விதிப்படி, பிற்பகல் சரியாக 2 மணிக்கு, கொடிகளை உறையிட்டு, டிரம்களில் 'ஒரு பிரிட்டிஷ் அல்லது ஜெர்மன் மார்ச்' அடித்துக்கொண்டு வரவேண்டும். ஜெர்மன் ஏன் என்றால், அந்தப் படையில் ஜெர்மன் கூலிப்படைகளும் இருந்தன.

இந்த விதிக்குப் பின்னால் ஒரு பழிவாங்கல் இருக்கிறது. தோற்ற படை மரியாதையோடு வெளியேற விடப்பட்டால், கொடியை விரித்துப் பிடித்து, வென்றவர்களுடைய மெட்டு ஒன்றை வாசித்துக்கொண்டு போகும். "நாங்களும் சளைத்தவர்கள் இல்லை" என்று காட்டுவதற்காக. 1780 மே மாதம் சார்ல்ஸ்டன் விழுந்தபோது அமெரிக்கப் படைக்கு பிரிட்டிஷார் அந்த மரியாதையை மறுத்தார்கள். அங்கே பிடிபட்டவர்களில் ஜான் லாரன்ஸும் ஒருவர். யார்க்டவுனில் அமெரிக்கத் தரப்பில் உட்கார்ந்து விதிகளைப் பேசியவரும் அவரேதான். வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தார். எதிரியின் மெட்டு கிடையாது, உன் ஊர் மார்ச்சையே அடித்துக்கொண்டு வா.

#5 குட்டிப்பிசாசு

அப்படியென்றால் பாடப் புத்தகம் பொய்யா?

#6 ஏட்டுச்சுரைக்காய்

பொய் என்று சொல்லவில்லை தம்பி. சாட்சி பலவீனம் என்கிறேன். இன்னொன்றையும் கவனி. உடன்படிக்கை, தாட்சர், டென்னி, மூன்றிலும் டிரம்தான் வருகிறது. டிரம்மில் 'மார்ச்' என்றால் ஒரு தாளக்கட்டு. அதில் மெட்டு இருக்காது. கூடவே ஃபைஃப் குழல் ஊதியிருந்தால்தான் மெட்டைப் பற்றிய பேச்சே வரும். ஆக, "எந்த மெட்டு" என்ற கேள்வியே 1828-க்குப் பிறகு நமக்கு ஒட்டிக்கொண்ட கேள்வியாக இருக்கலாம்.

#7 நிலாமுற்றம்

சுரைக்காய் அண்ணா, தலை சுற்றுகிறது. ஆசிரியையிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வேன்? ஆனால் ஒன்று, மகள் இதைப் படித்துவிட்டு ஒரே குஷி. "புத்தகம் தப்பு" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இன்னொரு சந்தேகம். இந்தப் பழைய மெட்டுகளெல்லாம் எங்கேதான் கிடைக்கும்? அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பாட்டுப் புத்தகமே அச்சடிக்கவில்லையா?

#8 ஏட்டுச்சுரைக்காய்

அடித்தார்கள், சாமி பாட்டுக்கு. மாசசூசெட்ஸில் பைபிள் சங்கீதங்களின் புத்தகம் 1640-லேயே அச்சாகிவிட்டது. ஆட்டப்பாட்டுக்கும் காதல் பாட்டுக்கும்தான் அச்சு தாமதம். வேண்டியவர்கள் லண்டனிலிருந்து வரவழைத்துக்கொண்டார்கள். மெட்டை அச்சடிக்க உலோகத் தகட்டில் செதுக்கத் தெரிந்த ஆள் வேண்டும், வாங்கக் கூட்டம் வேண்டும். பிலடெல்பியாவில் பெஞ்சமின் கார் இசைக்கடை திறந்தது 1793-ல். மதச்சார்பற்ற இசை அச்சு ஒரு வியாபாரமாகவே காலூன்றியது அந்த வாக்கில்தான்.

அதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? கையால் எழுதிக்கொண்டார்கள். யாரிடமாவது நல்ல மெட்டு கேட்டால், நோட்டில் ஐந்து கோடு இழுத்துக் குறித்துக்கொள்வது. இன்று ஆய்வாளர்களுக்குப் புதையல் இந்த நோட்டுகள்தான். கனெக்டிகட்டில் எலிங்டன் ஊரைச் சேர்ந்த ஜைல்ஸ் கிப்ஸ் என்ற இளைஞன் 1777-ல் எழுதிவைத்த ஃபைஃப் நோட்டு ஒன்று இருக்கிறது. கேட் வான் விங்கிள் கெல்லர் அதைப் பதிப்பித்தார். அரசாங்கத் தாளில் இல்லாத விஷயம் அந்தப் பையனின் நோட்டில் இருக்கிறது: படையில் ஊதியது என்ன, வீட்டில் ஆடியது என்ன.

பாட்டு வரிகள் தனிக்கதை. ஒரு பக்கத் துண்டுத்தாளில் வரிகள் மட்டும் இருக்கும், தலையில் 'இன்ன மெட்டில் பாடவும்'. ஐசையா தாமஸ் என்ற அச்சுக்காரர் 1814-ல் பாஸ்டனில் இப்படி முந்நூற்றுக்கு மேற்பட்ட தாள்களை மொத்தமாக வாங்கி மூன்று தொகுதியாகக் கட்டிவைத்தார். வுஸ்டரில் அவர் தொடங்கிய அமெரிக்கத் தொல்பொருள் சங்கத்தில் இன்றும் இருக்கின்றன. தெருவில் ஒன்றிரண்டு காசுக்கு விற்ற தாள்! நம் ஆட்கள் என்றால் அன்றைக்கே வடை மடித்திருப்பார்கள்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் கால அச்சில் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் 'எஸ்' எழுத்து நீண்டு 'எஃப்' மாதிரியே இருக்கும். கணினி அதை அப்படியே படித்துவைத்திருக்கும். 'சாங்' என்று தேடிக் கிடைக்கவில்லையா, 'ஃபாங்' என்று தேடுங்கள். சிரிக்காதீர்கள், எனக்கு இப்படித்தான் பாதி கிடைத்தது.

#9 தாழைமடல்

எல்லோரும் மெட்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஆட்டம் எங்கே?

நான் மாசசூசெட்ஸில் ஏழு வருடமாக கான்ட்ரா நடனத்துக்குப் போகிறேன். அதன் பாட்டி 'கன்ட்ரி டான்ஸ்'. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. மேல்முனை ஜோடி ஆட ஆரம்பித்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஜோடியைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டே வரும். வரிசையில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம். 1651-ல் லண்டனில் ஜான் பிளேஃபோர்டு போட்ட முதல் நடனத் தொகுப்பிலேயே இந்த அமைப்பு இருக்கிறது. அதில் 105 ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வரி மெட்டு, அதன் கீழே ஆடும் முறை.

மெட்டு பெரும்பாலும் எட்டு எட்டு அளவையாக, அதாவது எட்டு எட்டுத் தாளக் கட்டமாக, இரண்டு பகுதி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தால் மொத்தம் 32. ஆட்டத்தின் ஒரு சுற்றும் அதே 32-க்குள் முடிந்துவிடும். ஆகவே 32 அளவை உள்ள எந்த மெட்டுக்கும் எந்த ஆட்டத்தையும் கிட்டத்தட்டப் பொருத்திவிடலாம். ஆராய்ச்சிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இங்கேதான். பெயர் ஒரே பெயராக இருக்கும், மெட்டு வேறு, ஆட்டம் வேறு. அமெரிக்காவில் முதலில் அச்சான நடனப் புத்தகம் ஜான் கிரிஃபித்ஸ் என்ற நாட்டிய ஆசானுடையது, 1788, பிராவிடன்ஸ். அதில் ஆடும் முறை மட்டும்தான், மெட்டே கிடையாது. வாசிக்கிறவனுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்.

இன்று எங்களுக்கு மேடையில் ஒருவர் ஒலிவாங்கியில் அடுத்த அசைவைச் சொல்லிக்கொண்டே இருப்பார். அன்று அது கிடையாது, எல்லாம் மனப்பாடம். மேல்முனை ஜோடி என்ன ஆடுகிறதோ அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, தன் முறை வருவதற்குள் தயாராகிவிட வேண்டும். நான் முதல்நாள் போனபோது எதிர் வரிசைக்குள் புகுந்து ஒரு தாத்தாவின் காலை மிதித்துவிட்டேன், அந்த நினைவு இன்னும் கூசுகிறது.

இதில் வாஷிங்டன் பெரிய ஆட்டக்காரர். 1779 மார்ச்சில் நியூ ஜெர்ஸி மிடில்புரூக் முகாமில், தளபதி கிரீனின் மனைவியோடு மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்காராமல் ஆடினார் என்று கிரீனே கடிதத்தில் எழுதியிருக்கிறார். போர் நடந்துகொண்டிருந்தபோது!

#10 ஒத்தைத்தந்தி

ஆடத்தான் தெரியும், பாடத் தெரியாது அவருக்கு. பிரான்சிஸ் ஹாப்கின்சன் தன் பாட்டுத் தொகுப்பை 1788-ல் அவருக்கு அர்ப்பணித்தபோது, எனக்குப் பாடவும் வராது, எந்த வாத்தியத்திலும் ஒரு சுரம்கூட எழுப்ப வராது என்று பதில் போட்டார். தொகுப்பின் பெயர் 'ஏழு பாட்டுகள்'. உள்ளே எட்டு இருக்கும். தலைப்புப் பக்கத்தைச் செதுக்கி முடித்த பிறகு ஒன்றைச் சேர்த்தார்களாம்.

தாழைமடல், நாட்டிய ஆசான் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஃபிதியன் நாட்குறிப்பு படித்திருக்கிறீர்களா?

#11 தாழைமடல்

பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன். சொல்லுங்கள்.

#12 ஒத்தைத்தந்தி

பிலிப் ஃபிதியன், பிரின்ஸ்டனில் படித்தவர். 1773-74-ல் வர்ஜீனியாவில் ராபர்ட் கார்ட்டரின் நோமினி ஹால் பண்ணையில் பிள்ளைகளுக்கு வாத்தியார். பக்திமான், ஆடவே தெரியாது. இந்த ஊர்க்காரர்கள் ஒன்று ஆடுவார்கள், இல்லையென்றால் சாவார்கள் என்று நொந்து எழுதியவர்.

நாட்டிய ஆசான் கிறிஸ்டியன் பண்ணை பண்ணையாகச் சுற்றி வருவார். அவர் வரும் வீட்டில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் கூடுவார்கள். முதலில் மினுவெட், ஒவ்வொரு ஜோடியாக, எல்லோர் கண்ணும் அந்த ஜோடி மேலேயே இருக்கும். அப்புறம் கன்ட்ரி டான்ஸ். 1773 டிசம்பரில் நோமினி ஹாலில் வகுப்பு நடந்தபோது, அடவு தப்பிய இரண்டு சிறுமிகளை ஆசான் அடித்துவிட்டார். ஒருத்தியின் அம்மா அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்! ஃபிதியன் ஆச்சரியக்குறி போட்டு எழுதுகிறார். நம் ஊர் பாட்டு வாத்தியார்களிடம் குட்டு வாங்கியவர்களுக்கு இது உடனே புரியும்.

ஆனால் அந்த நாட்குறிப்பில் எனக்கு மறக்க முடியாத இடம் வேறு. 1774 ஜனவரி 30, ஞாயிறு மாலை. அடிமைகள் பள்ளி அறையில் கூடி பிடில் வாசித்து ஆடுகிறார்கள். பண்ணையார் வீட்டுப் பையன்கள் பென், ஹாரி இருவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஹாரி கோட்டைக் கழற்றிவிட்டு ஆடுகிறான். வாத்தியார் போய்க் கூட்டத்தைக் கலைத்துவிடுகிறார். நாலைந்து வரிதான். மெட்டு யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று தடித்தடியாக எழுதுகிறவர்கள் முதலில் இந்த நாலைந்து வரியைப் படிக்கட்டும்.

#13 ஏட்டுச்சுரைக்காய்

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சுப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் அமெரிக்க ஆட்ட இசை லண்டனிலிருந்து பெட்டியில் வந்து இறங்கியது மாதிரி தெரியும். வாசித்தது யார்? தெற்கில் பெரிய வீடுகளின் நடன இரவுகளில் பிடில் பிடித்தவர்களில் பலர் அடிமைகள். அவர்கள் பெயரில் புத்தகம் எதுவும் வரவில்லை. பெயர் வருவது எங்கே தெரியுமா? ஓடிப்போனவர்களைப் பிடிக்கக் கொடுத்த பத்திரிகை விளம்பரத்தில். 'வர்ஜீனியா கெஜட்' இதழ்களைப் புரட்டுங்கள். உயரம், தழும்பு, போட்டிருந்த சட்டை, கூடவே 'பிடில் நன்றாக வாசிப்பான்'. சிலவற்றில் போகும்போது பிடிலையும் எடுத்துப் போய்விட்டான் என்று இருக்கும். ஒரு மனிதனைத் திரும்பப் பிடிப்பதற்காக எழுதிய வரிதான், அவன் கலைஞன் என்பதற்கு இன்று நமக்கு மிஞ்சிய சான்று.

டிரம்மின் கதை வேறு. 1739-ல் அடிமைகள் செய்த ஸ்டோனோ கிளர்ச்சிக்குப் பிறகு தென் கரோலினா 1740 சட்டத்தில் அடிமைகள் டிரம்மும் கொம்பும் வைத்திருப்பதைத் தடுத்தது. சத்தம் போட்டு ஆள் சேர்த்துவிடுவார்கள் என்ற பயம். பான்ஜோ தப்பித்தது. அது ஆப்பிரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்தது என்று ஜெபர்சனே எழுதியிருக்கிறார். 1785-90 வாக்கில் தென் கரோலினாவில் வரைந்த 'பழைய பண்ணை' என்ற நீர்வண்ண ஓவியம் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுரைக்குடுக்கையில் செய்த பான்ஜோவை ஒருவர் மீட்டுகிறார், எதிரில் ஒருவர் கோலோடு குனிந்து ஆடுகிறார்.

என் பெயருக்கு அந்த ஓவியம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில் என் அப்பா திட்டும் வார்த்தை அது.

#14 நிலாமுற்றம்

ரிச்மண்டிலிருந்து வில்லியம்ஸ்பர்க் ஒரு மணி நேரம். இந்தச் சனிக்கிழமை போகிறோம்.

#15 குட்டிப்பிசாசு

நானும் கொஞ்சம் பங்கு போடுகிறேன். யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் அன்று உடம்பு சரியில்லை என்று வெளியே வரவே இல்லை, தனக்கு அடுத்த தளபதி ஓஹாராவை அனுப்பிவைத்தார். அதே ஆள் ஐந்து வருடத்தில் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து, 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவிடம் பாதி நாட்டைப் பிடுங்கினார். 

#16 ஏட்டுச்சுரைக்காய்

நல்லது பிசாசு. அந்த வழியாகவே நிலாமுற்றத்தின் முதல் கேள்விக்குத் திரும்பலாம், பெயர் ஒன்று மெட்டு பல என்ற சிக்கலுக்கு.

பெயரை வைத்துத் தேடினால் உருப்படாது. நான் ஒரு வருடம் அப்படிப் பெயர்ப் பட்டியல் போட்டு, கடைசியில் அதைத் தூக்கி எறிந்தவன். ஆஸ்கர் சான்னெக் 1905-ல் பழைய அமெரிக்க மதச்சார்பற்ற இசைக்கு நூற்பட்டியல் போட்டார். காங்கிரஸ் நூலகத்தின் இசைப்பிரிவுக்கு முதல் தலைவர். அது அச்சு நூல்களின் பட்டியல். மெட்டையே பிடிக்க வேண்டும் என்றால் வேறு வழி வேண்டும். கெல்லரும் அவர் கூட்டாளிகளும் அதைச் செய்தார்கள். மெட்டின் தொடக்கச் சுரங்களை எண்களாக மாற்றி வரிசைப்படுத்திவிட்டார்கள். ஆதார சுரம் 1, அடுத்தது 2, மூன்றாவது 3. எந்த சுருதியில் எழுதியிருந்தாலும் எண் மாறாது. இரண்டு நோட்டில் ஒரே எண் வரிசை வந்தால், பெயர் எப்படி இருந்தாலும் மெட்டு ஒன்று. அழுத்தம் விழும் சுரங்களை மட்டும் எடுத்தும் தனியாக ஒரு வரிசை போட்டார்கள், அலங்காரம் மாறினாலும் அகப்பட வேண்டும் என்பதற்காக.

ஸ ரி க ம பழகிய நமக்கு இதில் என்ன புதுமை? பாருங்கள்: ஸ ஸ ரி நி ஸ ரி, க க ம க ரி ஸ. வாசித்தால் பிரிட்டிஷ் தேசியகீதம். அமெரிக்காவில் 1831-ல் இதே மெட்டுக்குச் சாமுவேல் ஸ்மித் தேசபக்திப் பாட்டு எழுதினார். சென்னைப் பக்கம் பேண்டு வாசித்ததைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் இதே மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' செய்தார், சங்கராபரணத்தில். பெயரை வைத்துத் தேடியிருந்தால் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று அந்நியம்.

#17 ஒத்தைத்தந்தி

வாசித்துப் பார்த்தேன். தீட்சிதரை வாசித்த கையோடு வில்லைத் தூக்காமல் அமெரிக்கப் பாட்டுக்குப் போய்விட முடிகிறது.

#18 நிலாமுற்றம்

போய்வந்தோம். ஓவியத்தைப் பார்த்தோம். நான் நினைத்ததைவிடச் சின்னது, ஒரு நோட்டைத் திறந்து வைத்த அளவுதான். மகள் பான்ஜோக்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆசிரியையிடமும் பேசினேன். பயந்துகொண்டே போனேன், அவர் சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டார். சரணாகதிக் காட்சியில் இப்போது டிரம் மட்டும். வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான், எப்படி அடித்தால் என்ன என்று அடிக்க அவனுக்குப் பயிற்சியே வேண்டாமாம். கடைசியில் நடன இரவு ஒன்று சேர்த்திருக்கிறார்கள், மகள் அதில் வாசிக்கிறாள். தாழைமடல், 32 அளவைக் கணக்கு ரொம்ப உதவியது.

#19 ஏட்டுச்சுரைக்காய்

மகளுக்கு ஒரு புதிர். இன்று எல்லோரும் பாடும் வடிவத்தில் சுரம் தருகிறேன், பெயர் சொல்ல மாட்டேன். ஸ ஸ ரி க ஸ க ரி, ஸ ஸ ரி க ஸ நி. ஸ ஸ ரி க ம க ரி ஸ, நி ப த நி ஸ ஸ. கடைசித் துண்டு கீழ் ஸ்தாயி. ஜைல்ஸ் கிப்ஸின் 1777 நோட்டில் இந்த மெட்டு இருக்கிறது, அவன் வைத்த தலைப்பு 'தெஹோஸ் ஜென்டார்'.

#20 நிலாமுற்றம்

வயலினை எடுக்கக்கூட இல்லை அண்ணா. அடுப்படியில் நின்று நான் சுரத்தைப் படிக்கப் படிக்க, இரண்டாவது வரியிலேயே சிரித்துவிட்டாள். யாங்கி டூடுல்!

#21 குட்டிப்பிசாசு

அது சரி, தெஹோஸ் ஜென்டார் என்றால் என்ன?

#22 ஏட்டுச்சுரைக்காய்

யாரோ சொல்ல, பையன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான். நீயும் நாளைக்கு ஃபைஃப் சத்தத்துக்கு நடுவில் ஒரு பெயரைக் கேட்டு எழுதிப் பார், அப்புறம் பேசலாம்.